ரோஐடி: ஒரு கதவிலக்கத்தின் பயணம்

ஆரக்கிள் டேட்டாபேஸில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்களுக்கும் ரோஐடி தெரிந்திருக்கும். டேபிளை உருவாக்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் செலக்ட் எழுதி அதன் பெயரைச் சொன்னால் ஒவ்வொரு ரோவுக்கும் முன்னால் வந்து நிற்கும். பார்ப்பதற்குப் பொருளற்ற 18 எழுத்துகள்தான், ஆனால் அதற்குள் ஒரு முழு முகவரி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதல் ஆறு எழுத்து எந்த டேபிள் என்று சொல்லும், அடுத்த மூன்று எந்தக் கோப்பு என்று. அதற்கடுத்த ஆறு கோப்புக்குள் எந்த பிளாக், கடைசி மூன்று அந்த பிளாக்குக்குள் எத்தனையாவது ரோ. மொத்தத்தில் ஒரு ரோவின் கதவிலக்கம்.

இதன் பயன் பெரிய அப்டேட்களில்தான் நன்றாகத் தெரியும். ஒரு கோடி மின் இணைப்புகளுக்குப் புதிய கட்டணம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரல் ஒவ்வொரு ரோவையும் படித்து, கணக்குப் போட்டு, திரும்ப எழுதுகிறது. எழுதும்போது இணைப்பு எண்ணைக் கொடுத்துத் தேடச் சொன்னால், டேட்டாபேஸ் இண்டெக்ஸின் உச்சியிலிருந்து மூன்று நான்கு படி இறங்கி, ரோ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகுதான் டேபிளுக்குப் போகும். சற்று முன்பு படித்த அதே ரோவை ஒரு கோடி தடவை மறுபடி தேடுகிறோம். படிக்கும்போதே ரோஐடியையும் வாங்கி வைத்துக்கொண்டால் இந்த இரண்டாவது தேடல் மிச்சம். இண்டெக்ஸைத் தொடாமல் நேரே அந்த பிளாக்கில் போய் இறங்கலாம்.

ஒரு பொருளை அது இருக்கும் இடத்தின் பெயராலேயே கூப்பிடும் இந்த யோசனை கணினியைவிட முந்நூறு ஆண்டுக்கும் மேல் மூத்தது. லண்டனில் சர் ராபர்ட் காட்டன் (1571–1631) என்ற ஒரு சேகரிப்பாளர் இருந்தார். பழைய கையெழுத்துச் சுவடி எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுவார். அவருடைய நூலகத்தில் ஒவ்வொரு அலமாரியின் தலையிலும் ஒரு மார்பளவுச் சிலை இருந்தது. பன்னிரண்டு ரோமானியச் சீசர்கள், கூடவே கிளியோபாட்ராவும் ஃபாஸ்டினாவும். சுவடியின் அடையாளம் சிலையின் பெயர், தட்டின் எழுத்து, தட்டில் எத்தனையாவது என்ற எண். ஆங்கில இலக்கியத்தின் ஆதிக் காவியமான பேவுல்ஃப்பின் ஒரே கையெழுத்துப் பிரதி, விட்டெல்லியஸ் சிலைக்குக் கீழே ஏ தட்டில் பதினைந்தாவது. கோப்பு, பிளாக், ரோ என்ற மூன்று அடுக்கும் அங்கேயே முழுசாக இருக்கிறது.

1731 அக்டோபரில் அந்த நூலகம் தீப்பிடித்தது. பல சுவடிகள் கருகின, பேவுல்ஃப்பின் ஓரங்களும் எரிந்தன. எஞ்சியவை பிறகு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின, அங்கிருந்து பிரிட்டிஷ் நூலகத்துக்கு. அலமாரியும் இல்லை, சிலையும் இல்லை, ஆனால் பேவுல்ஃப்பின் எண் இன்றைக்கும் விட்டெல்லியஸ் ஏ 15தான். நூற்றாண்டுகளாக ஆய்வாளர்கள் தங்கள் நூல்களில் அந்த எண்ணையே எழுதிவிட்டார்கள், மாற்ற முடியவில்லை. இடத்தைக் காட்டப் பிறந்த எண், இடம் அழிந்தபின் வெறும் பெயராகிவிட்டது. இடத்தை நம்பிப் பெயர் வைப்பவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு நாளில் இது நேர்கிறது. ரோஐடியின் கதை முழுக்கவே அந்த நாளுக்கு எப்படித் தயாராவது என்பதுதான்.

காட்டனின் சுவடி எண் லண்டனில் இப்படி நிலைத்துக்கொண்டிருந்த காலத்தில், நம் பக்கத்தில் இடத்தால் பெயரிடும் வேலை இன்னும் பெரிய அளவில் தொடங்கியது. சாத்தூர் வட்டாரத்தில் ஏழாயிரம்பண்ணை அப்போது ஒரு பாளையம். 1799இல் கட்டபொம்மன் வீழ்ந்தபோது பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், குளத்தூர் போன்ற பாளையங்களையும் கும்பினியார் பறித்துக்கொண்டார்கள். 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று நில அளவைத் துறை அமைந்தது. சங்கிலி பிடித்து, கல் நட்டு, ஊர் ஊராக ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு எண் போட்டார்கள். அதுவரை வேலியோரத்துப் பனையையும் பக்கத்துக் காட்டுக்காரரின் பெயரையும் சொல்லி அடையாளம் காட்டிய கரிசல் காடுகள் சர்வே நம்பருக்கு மாறின. உடைமைக்காரர் செத்துப்போவார், காடு கைமாறும், பாகம் பிரியும். எண் நிலத்தோடேயே இருக்கும். இன்று அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்குக் கொடுக்கும் உரிமம்கூட ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் போட்டுத்தான் வருகிறது. உரிமம் இன்னாருக்கு என்பதோடு இந்த இடத்துக்கு என்றும் பொருள். ஆலையை வேறு காட்டுக்கு மாற்றினால் அந்தக் காகிதம் கூடவே போகாது.

இடத்தையே பெயராக வைப்பதற்கு நிலத்தைவிடத் தோதான பொருள் உலகத்தில் இல்லை என்று நான் நினைக்கிறேன். நிலம் நகராது. ஆனாலும் கணக்கு நகர்ந்துவிடுகிறது. மறு அளவை நடந்த ஊர்களில் எண்கள் புதிதாக விழுந்தன. கிராமம் நகராட்சிக்குள் வந்தால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று வேறு முகவரி பிறக்கிறது. அதனால்தான் நம் கிரையப் பத்திரங்களில் பழைய சர்வே எண் இன்னது, புதிய சர்வே எண் இன்னது என்று இரண்டையும் எழுதுகிறோம். இரண்டு எண்களையும் இணைத்துக் காட்டும் அட்டவணை தாலுகா ஆபீசில் இருக்கும். அதைத் தேடி அலைந்தவர்களுக்கு, டேபிளை இடம் மாற்றினால் ரோஐடிகள் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நூலகங்கள் இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் தீர்த்தன. 1876இல் அமெரிக்காவில் மெல்வில் டியூயி தன் தசம வகைப்பாட்டை வெளியிட்டார். அதுவரை அங்கே பெரும்பாலான நூலகங்களில் எண் அலமாரிக்குச் சொந்தமானது. தட்டு நிரம்பிவிட்டால் எண்களை எல்லாம் திருத்த வேண்டும். டியூயி எண்ணைப் புத்தகம் எதைப் பற்றியது என்பதற்குக் கொடுத்தார். புத்தகம் எந்த அலமாரிக்குப் போனாலும் எண் மாறாது, முன்னும் பின்னும் எந்தப் புத்தகம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். டேட்டாபேஸ் மொழியில் இது பிரைமரி கீ.

அந்த யோசனையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர் நம் சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன் (1892–1972) சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார், பயிற்சிக்கு லண்டன் அனுப்பப்பட்டார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள் வரும். ஒரு நூலின் பொருளையும் அப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, இடையில் ஒரு குறியைத் திருகாக வைத்துப் பூட்டினால் என்ன என்று தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் வகைப்பாடு அந்தக் கடையில் பிறந்ததுதான். நூலகம் வளரும் உயிர் என்பது நூலகங்களுக்கு அவர் வகுத்த விதிகளில் ஐந்தாவது. வளரும் ஒன்றுக்குள் இருப்பவற்றுக்கு நிலையான இடத்தைப் பெயராக வைக்க முடியாது என்பதை அவரைவிடத் தெளிவாக உணர்ந்தவர்கள் குறைவு.

இவ்வளவு தூரம் வந்தபிறகு கணினிகள் பழையபடி காட்டனின் அலமாரிக்கே திரும்பின. 1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற இயந்திரத்தை அறிவித்தது. அதோடு வந்ததுதான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க். இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. ஒரு பதிவை எடுக்க ஐந்து இலக்க முகவரி வேண்டும்: எந்தத் தட்டு என்று இரண்டு இலக்கம், எந்தத் தடம் என்று இரண்டு, எந்தப் பகுதி என்று ஒன்று. 50 தட்டு, 100 தடம், 10 பகுதி, பகுதிக்கு 100 எழுத்து என்று பெருக்கிப் பார்த்தால் அந்த 50 லட்சம் சரியாக வரும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கு எந்தத் தட்டில் என்பதை நிரலே அறிந்திருக்க வேண்டிய காலம் அது.

1960களின் முற்பாதியில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் சார்லஸ் பேக்மன் ஐடிஎஸ் என்ற அமைப்பைக் கட்டினார். ஒவ்வொரு பதிவும் அடுத்த பதிவின் முகவரியைக் கையில் வைத்திருக்கும். நிரல் எழுதுகிறவர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் போகலாம். 1973இல் டூரிங் விருது பெற்றபோது, நிரலாளர் இனி ஒரு மாலுமி என்று அந்தப் பயணத்தைக் கொண்டாடிப் பேசினார் பேக்மன். வேகம் உண்மைதான். ஆனால் பதிவுகளை அடுக்கும் முறையை மாற்றினால் மாலுமிகள் எல்லோருடைய வரைபடமும் ஒரே இரவில் தவறாகிவிடும்.

இதைக் கண்டு பொறுக்காதவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கணிதக்காரர். 1970 ஜூனில் வெளிவந்த கட்டுரையில், தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயனர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இருக்கக் கூடாது என்று வாதிட்டார். எது வேண்டும் என்று சொன்னால் போதும், எங்கே இருக்கிறது என்பது இயந்திரத்தின் கவலை. டேபிள், ரோ, கீ எல்லாம் இன்று நமக்கு இயல்பாக இருப்பதற்கு அவர்தான் காரணம். அவருடைய கோட்பாட்டில் கதவிலக்கத்துக்கு இடமே கிடையாது.

கோட்பாட்டில் இல்லாதது கட்டடத்துக்குள் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. காட் சொன்னதைச் செய்துகாட்ட ஐபிஎம்மே 1970களின் நடுவில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. இண்டெக்ஸ் ஒரு ரோவைக் காட்டியாக வேண்டும். எப்படிக் காட்டும்? ஏதாவது ஒரு முகவரி இல்லாமல் முடியாது. அவர்கள் கண்டுபிடித்த டியுபிள் ஐடி என்ற முகவரி மிக அழகானது. முதல் பாதி பக்க எண். இரண்டாம் பாதி ரோவின் இடத்தை நேரடியாகச் சொல்லாது, பக்கத்தின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சின்னக் கட்டத்தைச் சொல்லும். ரோ பக்கத்துக்குள் எங்கே இருக்கிறது என்பது அந்தக் கட்டத்துக்குள் எழுதியிருக்கும். பக்கத்துக்குள் ரோக்களை எப்படித் தள்ளி அடுக்கினாலும் கட்டத்துக்குள் இருப்பதை மாற்றினால் போதும், வெளியே கொடுத்த முகவரி கெடாது. ரோ பெருத்து அந்தப் பக்கத்தில் கொள்ளாமல் போனால்? வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ‘குடியிருந்தவர் இன்ன இடத்துக்குப் போய்விட்டார்’ என்று ஒரு குறிப்பு வைப்பார்கள். மறுபடி நகர்ந்தால் பழைய குறிப்பையே திருத்துவார்கள். எத்தனை முறை வீடு மாறினாலும் இரண்டு பக்கத்துக்கு மேல் புரட்ட வேண்டியதில்லை. முகவரியின் வேகமும் பெயரின் நிலைப்பும் ஒரே இடத்தில் கிட்டத்தட்டச் சேர்ந்த கணம் இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பும் இதுதான்.

ஐபிஎம் இதையெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டது, கடைக்குக் கொண்டுவர நாள் பிடித்தது. அந்த இடைவெளியில் லாரி எலிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் மூவரும் அந்தக் கட்டுரைகளைப் படித்து, 1977இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, 1979இல் ஆரக்கிளை விற்கத் தொடங்கிவிட்டார்கள். சிவகாசிக்காரர்களுக்கு இது புரியாத கதையல்ல. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகுதான் அந்தக் கரிசல் பூமி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர் பெற்றது. பார்த்துக் கற்றவர்கள் சந்தையை நிறைத்துவிடுவது தொழில் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆரக்கிள் இன்னொரு துணிச்சலும் செய்தது. உள்ளே ஒளிந்திருக்க வேண்டிய முகவரியை ரோஐடி என்ற பெயரில் பயனர் கண்ணுக்கே காட்டிவிட்டது. காட் மூட நினைத்த கதவு அங்கே பாதி திறந்தது.

ஆரக்கிளும் குறிப்பு வைத்துவிட்டுக் குடிபெயரும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறது. போதாததற்கு, ரோக்கள் பின்னால் பெருக்குமே என்று ஒவ்வொரு பிளாக்கிலும் பத்து சதவீத இடத்தை முன்கூட்டியே காலியாக விட்டுவைக்கும். 1997இல் வந்த எட்டாம் பதிப்பில், டேபிள்களைப் பாகம் பாகமாகப் பிரித்து வைக்கும் வசதி வந்தபோது பழைய முகவரி போதவில்லை. எந்தப் பாகம் என்பதையும் சேர்க்க, ஆறு பைட் முகவரி பத்து பைட் ஆயிற்று. ஊர் வளர்ந்தால் தெருவின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்தானே.

இந்தியாவில் ரோஐடி புகழ் பெற்றது வேகத்தால் அல்ல, நேர்காணலால். ஒரு டேபிளில் எல்லா நெடுவரிசையும் அப்படியே ஒன்றுபோல் உள்ள இரட்டை ரோக்கள் வந்துவிட்டன, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும், எப்படி? சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை தேடிய ஒரு தலைமுறையே இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கிறது. அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ரோக்களை எந்த கீயாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவை உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும்தான் வேறு. ஆகவே மிகச் சிறிய ரோஐடி உள்ளதை விட்டுவிட்டு மற்றதை அழி என்பது விடை. கோட்பாடு கைவிட்ட இடத்தில் கதவிலக்கம் கை கொடுத்தது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் வேறு பாதையில் போனார். அவர் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரஸில் முகவரியின் பெயர் சிடிஐடி. பக்க எண், கட்ட எண் என்று இரண்டே பகுதி. ஆனால் அங்கே ஒரு ரோவை அப்டேட் செய்தால் பழைய ரோ திருத்தப்படாது. புதிய பிரதி ஒன்று வேறு கட்டத்தில் எழுதப்படும். பழையது யாருக்கும் தேவையில்லை என்று ஆனபின் துப்புரவு வேலை அதை அகற்றும். ஆகவே அப்டேட் செய்த கணமே சிடிஐடி மாறிவிடும். ஆரக்கிளில் பழகிய கையோடு போஸ்ட்கிரஸுக்கு வந்து, காலையில் வாங்கிய சிடிஐடியை மாலையில் நம்புகிறவர்கள் ஏமாறுவார்கள். இண்டெக்ஸ்களுக்கும் அதே தொல்லை: முகவரி மாறினால் டேபிளின் எல்லா இண்டெக்ஸிலும் புதிய வரி எழுத வேண்டும். 2008இல் வந்த 8.3 பதிப்பு இதைக் குறைத்தது. இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசைகள் மாறாமல், புதிய பிரதி அதே பக்கத்தில் இடம் பிடித்துவிட்டால், இண்டெக்ஸைத் தொட வேண்டாம். பழைய கட்டத்திலிருந்து சங்கிலி பிடித்துப் போய்க்கொள்ளலாம். இதை முன்னின்று எழுதியவர் பவன் தியோலாசி என்ற இந்தியப் பொறியாளர்.

அப்படியும் எல்லோரும் சமாதானமாகவில்லை. 2016 ஜூலையில் ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் தாங்கள் போஸ்ட்கிரஸை விட்டு மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறிய காரணத்தை விளக்கினார்கள். அவர்கள் அடுக்கிய குறைகளில் பெரியது இதுதான்: ஒரு சின்ன மாற்றத்துக்கும் பல இண்டெக்ஸ்களில் எழுத வேண்டியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் அடித்தளமான இன்னோடிபியை உருவாக்கியவர் ஃபின்லாந்தின் ஹெய்க்கி தூரி. அதில் மற்ற இண்டெக்ஸ்கள் ரோவின் இடத்தைச் சொல்லாமல் பிரைமரி கீயைச் சொல்லும். ரோ எங்கே நகர்ந்தாலும் அந்த இண்டெக்ஸ்களுக்குக் கவலை இல்லை. பதிலுக்கு, அந்த இண்டெக்ஸ்கள் வழியாகப் போகும் தேடல் இரண்டு இண்டெக்ஸ் மரங்களில் இறங்க வேண்டும். டியூயியும் ரங்கநாதனும் நூலகத்துக்குச் செய்ததை தூரி டிஸ்க்குக்குச் செய்தார்.

ஆகவே ரோஐடியால் அப்டேட் செய்யலாமா என்று இன்று யாராவது கேட்டால், செய்யலாம், ஆனால் பூட்டைக் கையில் வைத்திருக்கும் வரைக்கும் என்பேன். ரோவைப் படிக்கும்போதே அப்டேட்டுக்காக என்று பூட்டி, ரோஐடியை வாங்கி, அதே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். ஆரக்கிளின் பிஎல்எஸ்க்யூஎல்லில் கர்சரின் நடப்பு ரோவை மாற்று என்று எழுதும்போது உள்ளுக்குள் நடப்பதும் இதுவே. அந்த எல்லையைத் தாண்டினால் ஆபத்து. டேபிளை இடம் மாற்றினாலும், சுருக்கினாலும், ஏற்றுமதி செய்து இறக்கினாலும் ரோஐடி மாறும். ஒரு ரோவை அழித்தால் அதே ரோஐடி நாளைக்கு வேறொரு ரோவுக்குப் போகலாம். அப்போது பிழைச் செய்தி எதுவும் வராது, யாரோ ஒருவர் கணக்கில் இன்னொருவர் தொகை ஏறிவிடும். ரோஐடியோடு பிரைமரி கீயையும் நிபந்தனையில் சேர்த்துவிட்டால், தவறான வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாலும் உள்ளே போகாமல் திரும்பிவிடலாம். அதற்கு ஆகும் கூடுதல் செலவு சொல்லும்படி இல்லை.

பெரிய வேலைகளில் இந்த முகவரி இப்போது இன்னொரு விதத்திலும் பயன்படுகிறது. ஆரக்கிளின் 11ஜி இரண்டாம் வெளியீட்டில், ஒரு டேபிளை ரோஐடி எல்லைகளால் பல பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு வேலையாளாக ஒரே நேரத்தில் அப்டேட் செய்யும் வசதி வந்தது. பிரிப்பது இடத்தை வைத்து என்பதால் ஒரே பிளாக்குக்கு இரண்டு வேலையாட்கள் மோதிக்கொள்வதில்லை, ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாக கமிட் செய்யலாம், ஒன்று தோற்றால் அதை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். போஸ்ட்கிரஸில் ஒற்றை சிடிஐடியைக் கொடுத்து நேரே போகும் வழி முன்பே உண்டு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை என்று எல்லை சொன்னால் அந்தப் பக்கங்களை மட்டும் படிக்கும் திறன் 2021இல் வந்த 14ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை அப்படி எல்லை கொடுத்தாலும், டேபிளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டுத்தான் போஸ்ட்கிரஸ் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.